சீட்டுக்கு உபயம் யார்?

வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்ற பிரிவு 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கணக்கு எழுதிப் பிழைக்கிற எங்களைப் போன்றவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. பேசியிருக்க வேண்டும். நம் டாக்டருக்கு மருந்துக் கம்பெனி என்ன கொடுத்தது என்பது அரசாங்கத்தின் ஏட்டில் எங்காவது ஏறுகிறது என்றால், அது இந்தப் பிரிவு வழியாகத்தான்.

விஷயம் எளிது. தொழில் செய்கிற ஒருவருக்கு, அந்தத் தொழிலை முன்னிட்டு, இன்னொருவர் ஏதாவது பலனோ சலுகையோ தருகிறார். ஓராண்டில் அதன் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவர் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். பணமாகக் கொடுத்தாலும் சரி, பொருளாகக் கொடுத்தாலும் சரி. பிரிவு வந்த சூட்டோடு நேரடி வரிகள் வாரியம் ஒரு விளக்கச் சுற்றறிக்கை விட்டது. அதில் டாக்டர்களுக்குக் கொடுக்கும் இலவச மருந்து சாம்பிளையே உதாரணமாகச் சொல்லியிருந்தார்கள். வரி பிடித்தால் யார் பெயரில் பிடித்தோம் என்று பான் எண்ணோடு காட்டியாக வேண்டும். அது வாங்கியவருடைய 26ஏஎஸ் படிவத்தில், அதாவது அவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவத்தில், போய் உட்காரும்.

நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜூலை மாதம் ஆகிவிட்டால் மேசையில் இந்தப் படிவங்கள்தான். டாக்டர்களின் கணக்குகளும் வரும். சிலருடைய படிவத்தில் 194ஆர் இருக்கும். யாருடையது, எவ்வளவு என்றெல்லாம் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஒருவர் கேட்டதை மட்டும் சொல்லலாம். "இது வெளிய யாருக்காவது தெரியுமா தம்பி?" என்றார். "தெரியாது சார். உங்களுக்கும் டிபார்ட்மெண்டுக்கும்தான்" என்றேன். சட்டப்படி சரியான பதில். ஒருவருடைய வரி விவரம் ஊருக்குப் பொது இல்லை, அப்படி இருக்கவும் வேண்டாம். ஆனால் கம்பெனிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், டெல்லியில் ஒரு கணினிக்குத் தெரியும், கணக்கு எழுதுகிற எனக்குக்கூடத் தெரியும். சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போகிறவருக்கு மட்டும் தெரியாது என்ற ஏற்பாடு எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் ஊர்க் கோயிலுக்குப் போங்கள், சர்ச்சுக்குப் போங்கள். டியூப் லைட்டின் மேலேயே 'உபயம்' என்று பெயரைப் பெரிதாக எழுதி, பாதி வெளிச்சம் எழுத்திலேயே நின்றுபோயிருக்கும். பெஞ்சில் பெயர், மின்விசிறி இறக்கையில் பெயர். கொடை நடக்கும்போது நூறு ரூபாய் எழுதியவர் பெயரையும் மைக்கில் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பார்கள். கொடுத்தவர் பெயரைச் சொல்லாமல் ஒரு காரியமும் நடக்காத மாவட்டத்தில் மருந்துச் சீட்டுக்கு உபயம் யார் என்பது மட்டும் ரகசியம்.

இந்த 194ஆர் தனியாக வரவில்லை. அது நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2022 பிப்ரவரி 22 அன்று, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்கு சென்னைக் கம்பெனியான அபெக்ஸ் லேபரட்டரீஸ் தொடுத்தது. பெயர் தெரியாவிட்டாலும் அவர்களுடைய ஜின்கோவிட் தெரிந்திருக்கும். நம் வீடுகளில் அது இல்லாத மருந்து டப்பா குறைவு. அந்த மாத்திரையைப் பற்றி டாக்டர்களிடம் விழிப்புணர்வு உண்டாக்குவதற்காக என்று சொல்லி, சுமார் 4.72 கோடி ரூபாயைச் செலவுக் கணக்கில் காட்டி, அதற்கு வரிவிலக்குக் கேட்டார்கள். விழிப்புணர்வு எந்த வடிவத்தில் போயிருக்கிறது என்று தீர்ப்பைப் படித்தால் தெரியும்: விருந்தோம்பல், மாநாட்டுக் கட்டணம், தங்கக் காசு, எல்சிடி டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப்.

கம்பெனியின் வாதம் சாமர்த்தியமானது. டாக்டர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரில் தன் ஒழுங்குமுறை விதிகளில் சேர்த்தது உண்மைதான். ஆனால் கவுன்சிலின் விதி டாக்டர்களைத்தானே கட்டுப்படுத்தும், எங்களை எப்படிக் கட்டுப்படுத்தும்? வாங்குவது அவருக்குக் குற்றமாக இருக்கட்டும், கொடுப்பது எங்களுக்கு வியாபாரச் செலவு. இதுதான் வாதம். நீதிபதிகள் யு.யு.லலித்தும் ரவீந்திர பட்டும் ஏற்கவில்லை. ஒருவர் வாங்குவது தப்பு என்றால் இன்னொருவர் கொடுப்பது மட்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்டார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். இவை பெயருக்குத்தான் இலவசம். செலவு மருந்தின் விலையில் ஏறி, கடைசியில் நோயாளியின் தலையில் விடிகிறது. அதே ஆண்டு பட்ஜெட்டில் இத்தகைய செலவுக்கு விலக்குக் கிடையாது என்று சட்டத்திலேயே விளக்கம் எழுதிச் சேர்த்துவிட்டார்கள்.

வரித்துறைக்குக் கவலை வரியைப் பற்றி. அது அதன் வேலை. ஆனால் பாருங்கள், டாக்டருக்குப் போன தங்கக் காசைப் பற்றி நம் நாட்டில் விலாவாரியாக எழுதப்பட்ட ஆவணம் ஒரு வரி வழக்கின் தீர்ப்பு. சுகாதாரத் துறையின் அறிக்கை அல்ல.

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். மெடிக்கல் ரெப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவிலில் தொடங்கி தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வரைக்கும் பைக்கில் அலைந்த முதுகு. இப்போது உட்கார்ந்தால் எழும்ப நேரமாகும். ரெப்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சட்டையை உள்ளே விட்டு, கனத்த கறுப்புப் பையோடு, நோயாளிகளுக்கு நடுவில் உட்காராமல் சுவரோரமாக நிற்பார்கள். டோக்கன் எண் கூப்பிடும் இடைவெளியில் இரண்டு பேர் உள்ளே போய் ஒரு நிமிடத்தில் வெளியே வருவார்கள். நமக்கு எரிச்சலாக இருக்கும். மழையானாலும் டை கட்டிக்கொண்டு நிற்கிற அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அண்ணாச்சியிடம் பேசிய பிறகுதான் யோசித்தேன்.

"டாக்டர் நம்ம மருந்த எழுதுதாரா இல்லையான்னு டாக்டர்ட்ட கேக்க மாட்டோம் மக்கா. மெடிக்கல்ல கேப்போம். பக்கத்துல இருக்க கடைக்காரன்ட்ட ஒரு சாயா குடிச்சுக்கிட்டே கேட்டா சொல்லுவான், யாரு எத எத்தன எழுதுதாருன்னு."

இதற்குக் கம்பெனியில் ஆர்.சி.பி.ஏ. என்று பெயரே இருக்கிறது. கடைகளில் விசாரித்து, எந்த டாக்டர் எந்த பிராண்டை எவ்வளவு எழுதுகிறார் என்று குறித்து அனுப்புவது ரெப்பின் அன்றாட வேலை. அதை வைத்துத்தான் எந்த டாக்டரை மாதம் எத்தனை முறை பார்க்க வேண்டும், யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்று மேலே முடிவாகும். டாக்டர் எழுதுகிற ஒவ்வொரு சீட்டையும் கம்பெனி கணக்கெடுக்கிறது. கம்பெனி கொடுப்பதைக் கணக்கெடுக்க நமக்குத்தான் வழியில்லை.

என்னதான் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். பெரிய டாக்டர்களுக்கு நடப்பதெல்லாம் ஏரியா மேனேஜருக்கு மேலே நடக்கிற சமாச்சாரம், எனக்குத் தெரியாது என்றுவிட்டார். அவர் கைக்கு வந்தவை பேனா, ஸ்டாண்டு, காலண்டர், தீபாவளிக்கு ஸ்வீட், கிறிஸ்துமஸ் வந்தால் பிளம் கேக். நம் மாவட்டத்தில் டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு டாக்டர் வீட்டில் எத்தனை கேக் சேரும் என்று அவர் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்தது. டாக்டர் வீட்டு வேலைக்காரர்களின் பிள்ளைகள்தான் தின்று தீர்ப்பார்களாம். "கேக்குக்காவ ஒருத்தரும் மருந்து எழுத மாட்டாரு. ஆனா கேக்கு கொண்டு போகாதவன் மூஞ்சி அவருக்கு நெனப்புல நிக்காது, அவ்வளவுதான்."

இதைத்தான் டாக்டர்களும் வேறு மாதிரிச் சொல்வார்கள். எனக்குப் பழக்கமான ஒரு டாக்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது, "பத்து வருஷம் படிச்சிட்டு வந்தவன் ஒரு பிரியாணிக்கு விலை போவானா?" என்று சூடாகக் கேட்டார். அவர் விலை போகிறவர் அல்ல என்று எனக்குத் தெரியும். கேள்வி அதுவே இல்லை.

அமெரிக்காவில் இதை எண்ணிப் பார்த்தார்கள். 2016-ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த ஆய்வு: 2,79,669 டாக்டர்கள், கொழுப்பு, ரத்த அழுத்தம், மனச்சோர்வு இவற்றுக்கான நான்கு பிராண்டு மருந்துகள். கம்பெனிகள் கொடுத்தவற்றில் 95 சதவீதம் வெறும் சாப்பாடு. சராசரி மதிப்பு 20 டாலருக்கும் கீழே. ஒரே ஒரு சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டவர்கள்கூட அந்த பிராண்டை மற்றவர்களைவிடக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். சாப்பாடு கூடக்கூட எழுதுவதும் கூடியது. சாப்பாட்டினால்தான் எழுதினார்கள் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஏற்கெனவே அந்த மருந்தை விரும்புகிறவர்கள் அந்தக் கூட்டங்களுக்குப் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். பிரியாணி ஒன்றும் செய்யாது என்றால், கணக்குப் பார்க்கத் தெரிந்த கம்பெனிகள் ஏன் ஆண்டுக்கணக்கில் பிரியாணி வாங்கிப் போடுகின்றன? என் தொழில்புத்திக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. வரவு இல்லாத செலவை எந்த வியாபாரியும் இரண்டாம் ஆண்டு எழுத மாட்டான்.

அந்த ஆய்வு எப்படிச் சாத்தியமானது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சார்லஸ் கிராஸ்லி, ஹெர்ப் கோல் என்று இரண்டு செனட்டர்கள், ஒருவர் குடியரசுக் கட்சி, மற்றவர் ஜனநாயகக் கட்சி. 2007-ல் இருந்து முட்டி மோதி, 2010-ல் ஒபாமாவின் சுகாதாரச் சட்டத்துக்குள் ஒரு பிரிவாக இதை நுழைத்தார்கள். மருந்து, மருத்துவக் கருவிக் கம்பெனிகள் டாக்டர்களுக்கு என்ன கொடுத்தாலும் அரசுக்குச் சொல்ல வேண்டும். அரசு அதைப் பெயரோடு இணையத்தில் போட வேண்டும். தொடக்கத்தில் 10 டாலர் இருந்தாலே கணக்கில் வரும் என்று வைத்தார்கள். 2014 செப்டம்பர் 30 அன்று முதல் பட்டியல் வந்தது. அதற்கு முன்பே, 2010-ல், புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் கம்பெனிகள் அங்கங்கே வெளியிட்டிருந்த விவரங்களைக் கோத்து ஒரு தேடுபக்கம் போட்டு வழிகாட்டியிருந்தது.

அந்த அரசுப் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அமெரிக்காவில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நம் மாவட்டத்தில் இருந்து போய் அங்கே டாக்டராக இருப்பவர்களுக்குப் பஞ்சமா? எங்களுக்குத் தூரத்துச் சொந்தமான ஒருவர் பெயரை ஒரு மத்தியான நேரத்தில் போட்டுப் பார்த்தேன். வந்துவிட்டது. தேதி, கம்பெனி, எந்த மருந்துக்காக, உணவும் பானமும், 17 டாலர் சொச்சம். அப்புறம் இன்னொன்று, 14 டாலர் சொச்சம். மனுஷன் ஒன்றும் பெரிதாகச் சாப்பிடவில்லை! மீனாட்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, டெக்சாஸில் ஒரு டாக்டர் மத்தியானம் யார் காசில் சாப்பிட்டார் என்று என்னால் பார்க்க முடிகிறது. என் அம்மாவுக்கு மாத்திரை எழுதுகிற, பார்வதிபுரத்தைத் தாண்டி இருக்கும் டாக்டரைப் பற்றி முடியவில்லை.

பிரான்ஸ் இன்னொரு வழியாக வந்து சேர்ந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்ற மீடியேட்டர் என்ற மருந்து உடல் எடையைக் குறைக்கவும் பரவலாக எழுதப்பட்டது. அது இதய வால்வைக் கெடுக்கிறது என்று பிரெஸ்ட் நகரத்து நுரையீரல் மருத்துவர் இரேன் ஃப்ராஷோன் போராடி வெளியே கொண்டுவந்தார். 2009-ல் மருந்து சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. ஊழல் வெடித்த வேகத்தில் 2011 டிசம்பரில் சட்டம் வந்தது. அங்கேயும் பொதுப் பட்டியல். 10 யூரோ இருந்தாலே ஏறும்.

பட்டியல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டால், ஆகாது. முதல் விஷயம், நோயாளிகள் போய்ப் பார்ப்பதில்லை. காய்ச்சலோடு வரிசையில் நிற்பவர் போனை எடுத்து டாக்டர் பெயரைத் தேட மாட்டார். இரண்டாவது இன்னும் சிக்கல். 2005-ல் கெய்ன், லோவன்ஸ்டைன், மூர் என்ற மூவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு ஜாடி நிறையக் காசு. தூரத்தில் இருந்து பார்ப்பவர் எவ்வளவு என்று மதிப்பிட வேண்டும். பக்கத்தில் இருந்து பார்ப்பவர் ஆலோசனை சொல்வார். ஆலோசகருக்கு, மற்றவர் அதிகமாக மதிப்பிட்டால் ஆதாயம். எனக்கு இதில் ஆதாயம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட ஆலோசகர்கள், சொல்லாதவர்களைவிட இன்னும் தாராளமாகக் கூட்டிச் சொன்னார்களாம். சொல்லியாச்சு, இனி அவன்பாடு என்ற மனநிலை. கேட்டவர்களும் போதுமான அளவு குறைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே டாக்டர் அறையில் ஒரு போர்டு மாட்டி, இன்ன கம்பெனியில் இருந்து இவ்வளவு வாங்கினேன் என்று எழுதி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பட்டியல் வேலை செய்வது வேறு கைகளில். 2018 செப்டம்பரில் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தின் தலைமை மருத்துவ அதிகாரி ஹோசே பசெல்கா, கம்பெனிகளிடம் இருந்து பல லட்சம் டாலர் வாங்கியதை ஆய்விதழ்களில் சொல்லாமல் விட்டிருந்தார் என்று செய்தி வந்தது. சில நாட்களில் ராஜினாமா செய்தார். செய்தியாளர்கள் ஒரு பக்கம் பொதுப் பட்டியலையும் மறுபக்கம் அவருடைய கட்டுரைகளையும் வைத்து ஒப்பிட்டிருந்தார்கள். நோயாளி பார்க்காவிட்டாலும், பார்க்க வேண்டியவர் யாரோ ஒருவர் பார்ப்பார். கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல. பேரேட்டை எல்லாரும் படிப்பதில்லை. தணிக்கைக்கு ஒருவர் வருவார் என்பது தெரிந்தால் போதும், எழுதுகிற கை மாறும்.

நம் நாட்டில் விதிக்குக் குறைவில்லை. 2009 விதியைச் சொன்னேன். 2016-ல் அதற்குத் தண்டனை அட்டவணையும் போட்டார்கள்: 1,000 முதல் 5,000 ரூபாய் வரை வாங்கினால் கண்டனம், 10,000 வரை என்றால் மூன்று மாதம் பதிவேட்டில் இருந்து நீக்கம், ஒரு லட்சத்துக்கு மேலே என்றால் ஓராண்டுக்கும் கூடுதல். படிக்கக் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே திருத்தத்தில், டாக்டர்களின் சங்கங்களை அந்த விதியில் இருந்து எடுத்துவிட்டார்கள். தனி ஆளாக வாங்கக் கூடாது, சங்கமாக வாங்கலாம். மாநாட்டு அரங்கின் வாசலில் ஸ்டால் வரிசை எப்படி வருகிறது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் 2 அன்று தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. அந்த மாதம் முடிவதற்குள், 23-ஆம் தேதியே, நிறுத்திவைத்தது.

கம்பெனிகள் பக்கம், 2024 மார்ச் 12 அன்று மருந்துத் துறை ஒரு சீரான சந்தைப்படுத்தல் நெறிமுறையை வெளியிட்டது. பரிசு கிடையாது. வெளிநாட்டுப் பயணம் கிடையாது. பெயர் நினைவூட்டும் சின்னப் பொருள் என்றால் ஒன்று 1,000 ரூபாய்க்குள். சாம்பிள் என்றால் மூன்று நோயாளிகளுக்குப் போதுமான அளவுக்கு மேல் ஒரு பொட்டலம் இருக்கக் கூடாது. ஆண்டுக்குக் கொடுக்கும் மொத்த சாம்பிளும் கம்பெனியின் உள்நாட்டு விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எந்த மருந்து, எந்த டாக்டருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று கம்பெனி கணக்கு வைத்திருக்க வேண்டும்.

கடைசி வாக்கியத்தை இன்னொருமுறை படியுங்கள். டாக்டர் பெயரோடு பட்டியல் வைக்கச் சொல்லி அரசே எழுதியிருக்கிறது. வைத்துக்கொள்ள வேண்டும்; வெளியிட வேண்டியதில்லை. மீறினால் விசாரிப்பது யார்? கம்பெனிகளின் சங்கத்தில் இருக்கும் ஒழுங்குக் குழு. பெரிய தண்டனை, சங்கத்தில் இருந்து நீக்குவது. புகார் யார் கொடுப்பார்? கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் மட்டும் தெரிந்த விஷயத்தில் மூன்றாம் ஆள் என்ன சாட்சியோடு போவார்?

இந்த நெறிமுறையின் கீழ் பெரிதாகப் பேசப்பட்டது 2024 டிசம்பர் விவகாரம். அப்வி என்ற கம்பெனி 30 டாக்டர்களை மொனாக்கோவுக்கும் பாரிஸுக்கும், அழகுச் சிகிச்சை மாநாட்டின் பெயரில், சுமார் 1.91 கோடி ரூபாய் செலவில் அழைத்துப் போனது என்று கண்டு துறை கண்டித்தது. நான் படித்த செய்திகளில் கம்பெனியின் பெயர் இருந்தது, ஊர்களின் பெயர் இருந்தது, தொகை இருந்தது. அழைத்துப் போகப்பட்டவர்கள் மட்டும் பெயரில்லாத முப்பது பேர்.

இதில் ரெப்புகளின் பங்கைச் சொல்லாமல் விட்டால் அண்ணாச்சி கோபித்துக்கொள்வார். இந்த நெறிமுறைக்குச் சட்டத்தின் பலம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனதே ரெப்புகளின் அகில இந்தியக் கூட்டமைப்புதான். 2022 ஆகஸ்டில் அந்த வழக்கில்தான் டோலோ 650 பேச்சு வந்தது. அந்த மாத்திரையை எழுதவைக்க ஆயிரம் கோடி ரூபாய் இலவசங்களாகப் போனதாக, வருமான வரிச் சோதனைக்குப் பிறகு வந்த அறிக்கையைச் சுட்டி வழக்கறிஞர் சொன்னார். எனக்குக் கோவிட் வந்தபோதும் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள் என்றார் நீதிபதி சந்திரசூட். கம்பெனி கடுமையாக மறுத்தது. அந்த மாத்திரையின் ஆண்டு விற்பனையே 350 கோடிதான், ஆயிரம் கோடியை எப்படிச் செலவழிப்போம் என்று கேட்டது. நியாயமான கேள்விதான். இப்படிப்பட்ட சண்டை ஆண்டுக்கணக்கில் வளர்வதே பட்டியல் இல்லாததால். இருந்திருந்தால் கூட்டிப் பார்த்துவிட்டு எழும்பிப் போயிருக்கலாம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். மொனாக்கோ கதையெல்லாம் மார்த்தாண்டத்துக்கும் குளச்சலுக்கும் பொருந்தாது. இங்கே நடப்பது வேறு, அண்ணாச்சியின் வார்த்தையில் 'பி.சி.டி. சமாச்சாரம்'. வேறு யாரோ தயாரிக்கிற மாத்திரைக்கு ஒரு புதுப் பெயரும் அட்டையும் போட்டு, மாவட்டத்துக்கு ஒருவர் என்று உரிமை எடுத்து விற்கும் சின்னக் கம்பெனிகள். மருந்தில் குறை இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தப் பெயர் மாத்திரை அந்த டாக்டரின் கிளினிக்கோடு ஒட்டிய மெடிக்கலில் மட்டும்தான் கிடைக்கும். வடசேரி முழுக்கச் சுற்றினாலும் வேறு கடையில் இருக்காது. எங்கள் வீட்டிலேயே ஒரு சீட்டை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறோம். "இது அங்கதான் கெடைக்கும் சார்" என்று கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்புக்குள் எல்லாக் கணக்கும் இருக்கிறது. இதில் பரிசு எது, லாபப் பங்கு எது, கடை வாடகை எது என்று பிரிக்க எந்த நெறிமுறைக்கும் கண் போதாது. 194ஆர் வலையிலும் பாதி விழாது. கடை மனைவி பெயரில் இருந்தால் அது வேறு ஒரு கணக்கு.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் மாத்திரை வாங்கியவர்களுக்கு ஒரு வித்தியாசம் தெரிந்திருக்கும். அங்கே கிடைப்பது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்புவது. 1994-ல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் மருந்தின் மூலப் பெயருக்குத்தான் ஒப்பந்தப்புள்ளி. பிராண்டுக்கு இடம் இல்லாத இடத்தில் பிராண்டுக்காரருக்கும் வேலை குறைவு. அண்ணாச்சிக்கு அந்தப் பக்கம் போகிற நாள் என்றாலே சலிப்பாம்.

டாக்டர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. டாக்டர்மேல் இந்த மாவட்டத்துக்கு இருக்கும் பற்று பழையது. 1838-ல் நெய்யூரில் மிஷன் மருத்துவம் தொடங்கிய நாளில் இருந்து வருவது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சோமர்வெல் ஊர் திரும்பும் முன் நெய்யூர் ஆஸ்பத்திரியின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டன் வேலையை விட்டு இங்கேயே வந்து சேர்ந்ததை இன்னும் பேசுகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் டாக்டரிடம் 'ஏன் இந்த மாத்திரை' என்று கேட்பதே மரியாதைக் குறைவு. கேட்க முடியாத இடத்தில் பார்க்கவாவது வழி வேண்டும் என்பதுதான் என் கட்சி. பிரியாணிக்கு விலை போவேனா என்று கேட்டாரே, அந்த டாக்டருக்கும் பட்டியலால் லாபம்தான். ஒரு பைசா வாங்காதவர் இன்றைக்கு அதை நிரூபிக்க வழியே இல்லை. சந்தேகம் எல்லார் மேலும் ஒரே அளவில் விழுகிறது.

பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தேன், தொழில் பழக்கம். ஐந்து பத்தி போதும்: தேதி, கம்பெனி, மருந்து, மதிப்பு, டாக்டரின் மருத்துவக் கவுன்சில் பதிவு எண். பான் எண் வேண்டாம், வரி விவரம் அப்படியே ரகசியமாக இருக்கட்டும். பதிவு எண்ணைச் சீட்டிலேயே அச்சிட வேண்டும் என்பது 2002 விதி. நல்ல டாக்டர்களின் சீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 20,000 வரைக்கும் கண்ணை மூடிக்கொள்ளாமல், அரசே நினைவூட்டுப் பொருளுக்கு வைத்த 1,000 ரூபாயில் இருந்து தொடங்கலாம். விவரத்தைத் தருவது கம்பெனியின் பொறுப்பு. டாக்டருக்கு மறுப்புச் சொல்ல ஒரு மாதம் கொடுக்கலாம். அமெரிக்காவிலும் வெளியிடுவதற்கு முன்பு சரிபார்க்க நாள் கொடுக்கிறார்கள்.

அண்ணாச்சியிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. மொதல்ல பயலுவளுக்கு வேலை போவும், அதையும் நெனச்சுக்கோ. குடுக்கதுக்கு ஒண்ணும் இல்லேன்னா எதுக்கு இத்தன ரெப்புன்னு கேப்பான்."

"அப்ப வேண்டாமா அண்ணாச்சி?"

"வேண்டாம்னு எவன் சொன்னான்? கோர்ட்டுக்குப் போனதே எங்க ஆளுங்கதான." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் வாங்கினார். "ஸ்கேன் சென்டர விட்டுட்ட. லேபையும். மருந்துல வாறத விட அதுல வாறது ஜாஸ்தி, கேட்டியா."

அதற்கு மருந்துத் துறையின் நெறிமுறை பொருந்தாது என்றேன். மருந்துக் கம்பெனி கொடுத்தால் ஒரு துறை, ஸ்கேன் சென்டர் கொடுத்தால் இன்னொரு துறை, இரண்டுக்கும் இரண்டு கோப்பு. அவருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. என் பேனாவை வாங்கி, ஐந்து பத்திக்குப் பக்கத்தில் ஆறாவதாக ஒரு கோடு இழுத்துவிட்டார்.